கட்டம் போட்ட துணி மிஞ்சியது, பாஷை போச்சு

ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய ஊர் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு சங்கம் இருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் சொசைட்டி என்றோ கலிடோனியன் சொசைட்டி என்றோ பெயர். (ஆண்ட்ரூ அவர்கள் நாட்டின் காவல் புனிதர். நம்ம எழும்பூரில் 1821-இல் திறந்த அந்த உயரமான வெள்ளைக் கோபுர சர்ச்சுக்கும் அவர் பெயர்தான். கம்பெனி காலத்து ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது.) வருடத்துக்கு நாலு விழா. ஜனவரி 25 கவிஞர் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து, ஏப்ரல் 6 டார்ட்டன் தினம், கோடையில் ஹைலேண்ட் விளையாட்டுப் போட்டிகள், நவம்பர் 30 ஆண்ட்ரூ தினம். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே யூனிஃபார்ம்: இடுப்பில் கட்டம் போட்ட கில்ட், அதன் முன்னால் தொங்கும் ஒரு தோல் பை, பக்கத்தில் பேக்பைப் ஊதும் ஒருவர். கேட்டால் முன்னோர்களின் பாரம்பரியத்தைக் கட்டிக் காக்கிறோம் என்பார்கள்.

எதைக் காத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கில்ட் யாருடைய உடை? ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் இருக்கும் மலைப்பகுதி, தீவுகள், அதாவது ஹைலேண்ட்ஸ் மக்களுடையது. அவர்கள் பேசியது கேலிக். இங்கிலீஷுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது, அயர்லாந்து மொழியின் நெருங்கிய சொந்தம் அது. இந்தச் சங்கங்கள் மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்லும் 'கிளான்' என்பதே கேலிக் சொல்தான். பிள்ளைகள், வாரிசுகள் என்று பொருள். விருந்தில் ஊற்றிக் குடிக்கிறார்களே அந்த விஸ்கியும் கேலிக்கில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் கில்ட் கட்டி ஊர்வலம் போகிற கூட்டத்தில் நாலு வாக்கியம் கேலிக் பேசச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள்.

அட, அந்தத் துணியின் கதையாவது நிஜமா என்றால் அதுவும் பாதிதான். 1746-இல் கலோடன் போரில் ஹைலேண்ட் படை தோற்ற பிறகு அவர்கள் உடையை அரசாங்கம் தடை செய்தது. தடை நீங்கியது 1782-இல். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பானக்பர்னில் வில்சன் என்றொரு நெசவுக் கம்பெனி, அதுவரை நம்பர் போட்டு விற்ற கட்டங்களுக்கெல்லாம் கிளான் பெயர்களை ஒட்டி விற்க ஆரம்பித்தது. 1822-இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்ட்டனில் வரச் சொல்லி ஒரு பெரிய நாடகமே போட்டார். மன்னரும் கில்ட் கட்டினார், உள்ளே ரோஸ் கலர் டைட்ஸோடு! 1842-இல் சோபியஸ்கி ஸ்டூவர்ட் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தோம் என்று எந்த கிளானுக்கு எந்தக் கட்டம் என ஒரு புத்தகம் போட்டார்கள். சுவடி டுபாக்கூர். அந்தப் புத்தகத்துக் கட்டங்கள் பல இன்றைக்கும் 'பரம்பரை டார்ட்டன்' என்று விற்பனையாகின்றன.

பாரம்பரியம் என்று பெயர் வைத்து சங்கம் நடத்துவதில் ஒரு முன்னோடி இருக்கிறார். க்ளென்காரியின் தலைவர் அலஸ்டேர் மக்டொனல். ரேபர்ன் வரைந்த அவருடைய ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள், தலை முதல் கால் வரை ஹைலேண்ட் உடையில் மிடுக்காக நிற்பார். 1815-இல் 'உண்மையான ஹைலேண்டர்கள் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். அதே மனிதர்தான் தன் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட்டவர், ஆட்டுப் பண்ணைக்கு நிலம் கொடுத்தால் வாடகை அதிகம் என்பதற்காக. உண்மையான ஹைலேண்டர்கள் கப்பலேறி கனடா போனார்கள். 'உண்மையான ஹைலேண்டர்கள் சங்கம்' இங்கே விருந்து சாப்பிட்டது. என்ன கொடுமை சார் இது!

கடல் கடந்த சங்கங்கள் பண்ணியதும் இதற்குப் பெரிதாகச் சளைத்ததில்லை. பல ஊர்களில் 'டார்ட்டனுக்கு ஆசீர்வாதம்' என்று சர்ச்சில் ஒரு சடங்கு நடக்கும். தடைக்காலத்தில் மலைவாசிகள் ஒரு துண்டு டார்ட்டனைச் சட்டைக்குள் ஒளித்து வந்து பாதிரியாரின் ஆசீர்வாதம் பெற்றார்கள், அதன் தொடர்ச்சி இது என்று உருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சடங்கு பிறந்த இடம் வாஷிங்டன், வருடம் 1941, ஆரம்பித்தவர் பீட்டர் மார்ஷல் என்ற பாதிரியார். இரண்டாம் உலகப் போர் காலத்து ஏற்பாடு, அவ்வளவுதான்.

சரி, வேடம் போடுவது அவரவர் இஷ்டம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. நோவா ஸ்கோஷியாவைப் பாருங்கள்.

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பெயருக்கு அர்த்தமே 'புதிய ஸ்காட்லாந்து'. 1773-இல் 'ஹெக்டர்' என்ற கப்பலில் ஹைலேண்ட் குடும்பங்கள் பிக்டோவில் வந்து இறங்கின. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். குறிப்பாக கேப் பிரெட்டன் தீவில் ஊர் ஊராக கேலிக்தான். (அது மிக்மாக் பழங்குடி மக்களின் மண். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்கள் இன்னொருவர் மண்ணில் போய் உட்கார்ந்த கதையை இந்த விழாக்களில் அதிகம் கேட்க முடியாது.) 1892 முதல் 1904 வரை அந்தத் தீவின் சிட்னி நகரிலிருந்து 'மாக் டல்லா' என்று முழுக்க கேலிக்கிலேயே ஒரு பத்திரிகை வந்தது. படிக்க ஆள் இல்லாமலா அத்தனை வருடம் நடத்தினார்கள்?

1890-இல் செனட்டர் தாமஸ் ராபர்ட் மெக்கின்னிஸ், இங்கிலீஷ், பிரெஞ்சுக்கு அடுத்து கேலிக்கையும் ஆட்சிமொழி ஆக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 7, எதிர்ப்பு 42. அப்போது பிரதமர் யார் தெரியுமா? கிளாஸ்கோவில் பிறந்த ஜான் ஏ. மக்டொனால்ட்! ஆக, நாட்டை ஆளும் அளவுக்கு ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. ஹாலிஃபாக்ஸில் 1768-இலேயே சங்கம் இருந்தது. அதன் பெயர் 'வட பிரிட்டிஷ் சங்கம்', ஸ்காட்லாந்து என்ற பெயரைக்கூட அதில் காணோம். அண்டிகோனிஷ் ஊரில் 1863 முதல் ஹைலேண்ட் விளையாட்டுகள் நடக்கின்றன. இவ்வளவு இருந்தும் பள்ளிக்கூடத்தில் கேலிக் பேசிய பிள்ளை அடிதான் வாங்கியது. அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் குழந்தையிடம் அந்த மொழியைப் பேசுவதில்லை என்று முடிவு செய்தது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட காலத்தில் விருந்து வைத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் சொல்கிறேன்.

1933-இல் ஆங்கஸ் எல். மக்டொனால்ட் மாகாண முதல்வர் ஆனார். டூரிஸ்டுகளை இழுக்க மாகாணம் முழுவதற்கும் டார்ட்டன் போர்த்தியது அவர் காலம். வரலாற்றாசிரியர் இயன் மெக்கே இதைப் பற்றி 1992-இல் 'டார்ட்டனின் வெற்றி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். 1938-இல் செயின்ட் ஆன்ஸ் என்ற இடத்தில் கேலிக் கல்லூரி தொடங்கினார்கள். பெயர் கேலிக் கல்லூரி, ஆனால் நெடுங்காலம் அதன் முகமாக இருந்தது பேக்பைப்பும் நடனமும் டார்ட்டன் நெசவும்தான். 1953-இல் ஒரு செம்மறியாடு வளர்ப்போர் கண்காட்சிக்காக பெஸ்ஸி மர்ரி என்பவர் நீலமும் பச்சையுமாக ஒரு கட்டம் வடிவமைத்தார். ஜனங்களுக்குப் பிடித்துப்போய் அதுவே மாகாணத்தின் அதிகாரபூர்வ டார்ட்டன் ஆனது. ஆட்டுக் கண்காட்சித் துணிக்குக் கிடைத்த அந்தஸ்து, பல்லாயிரம் பேர் பேசிய மொழிக்குக் கிடைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் அந்த மாகாணத்தில் கேலிக் தெரியும் என்று சொன்னவர்கள் 1,275 பேர். தாய்மொழி என்றவர்கள் வெறும் 300.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லோரும் கேலிக் பேசியவர்கள் இல்லை, தெற்கே சமவெளியில் பேசியது ஸ்காட்ஸ் என்ற வேறு மொழி, கவிஞர் பர்ன்ஸ் எழுதியது அதில்தான். ஒப்புக்கொள்கிறேன். அதனால் பர்ன்ஸ் விருந்தை மட்டும் நான் விட்டுவிடுகிறேன். அங்கே அவருடைய வரிகளை அவருடைய மொழியிலேயே வாசிக்கிறார்கள், தட்டில் இருக்கும் ஹாகிஸைப் பார்த்தாவது. (ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு கலந்து இரைப்பைக்குள் அடைத்து வேகவைத்தது. நம்ம ஊர் போட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி.) ஆனால் ஒன்று. சமவெளி வம்சம் என்றால் எதற்கு மலைவாசி உடை? உடையும் கிளானும் வேண்டும், அந்த ஆட்களின் மொழி மட்டும் 'எங்களுடையது இல்லை' என்பது எந்த ஊர் நியாயம்?

மொழியும் கலையும் நிஜமாகத் தங்கியிருந்தது சங்கங்களின் மேடையைவிட வீட்டுச் சமையலறைகளில்தான். கேப் பிரெட்டனில் நெய்த கம்பளித் துணியை நனைத்து, நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இறுகுவதற்காக எல்லோரும் சேர்ந்து அடிப்பார்கள். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், அடியின் தாளத்துக்கு. துணி அடிக்கும் தேவை போன பிறகும் அந்தப் பாட்டுகளுக்காகவே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஃபிடில் வாசிப்பும் அப்படியே. 1971-இல் அது அழிகிறது என்று ஒரு டிவி ஆவணப்படம் சொன்னதும் ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்து, 1973-இல் கிளென்டேலில் ஃபிடில்காரர்களைத் திரட்டி விழாவே நடத்திவிட்டார்கள்.

கொஞ்சம் நல்ல சேதியும் உண்டு. மாகாண அரசு 2006-இல் கேலிக்குக்கு ஒரு தனி அலுவலகம் திறந்தது. சமையல் செய்துகொண்டே, டீ போட்டுக்கொண்டே, புத்தகமில்லாமல் பெரியவர்களிடமிருந்து பேச்சு மொழியைப் பிடிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. கேலிக் கல்லூரியும் இப்போது மொழிப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2021-இல் மபு என்ற சிற்றூரில் கேலிக் வழியிலேயே பாடம் நடத்தும் ஒரு ஆரம்பப் பள்ளி திறந்தார்கள். ஸ்காட்லாந்திலேயே 2025-இல்தான் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் ஆட்சிமொழி அந்தஸ்து தரும் சட்டம் நிறைவேறியது.

கில்ட், கோட், தோல் பை, காலுறை, காலுறையில் செருகும் குட்டிக் கத்தி என்று முழு செட் வாங்க நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். அந்தப் பணத்தைப் போடத் தயாராக இருக்கிற மெம்பர்கள் இத்தனை ஊர்களில் இத்தனை சங்கங்களில் இருக்கிறார்கள். அடுத்த வருட விருந்தில் ஒரே ஒரு ஐட்டத்தைக் குறைத்துக்கொண்டு, மபு பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் சம்பளம் அனுப்பட்டுமே. கேலிக்கைத் தாய்ப்பாலோடு கற்ற கிழவர் ஒருவர் பக்கத்து ஊரில் இன்னும் உயிரோடு இருந்தால், அவரை மேடையேற்றி பொன்னாடை போர்த்துவதை விட்டுவிட்டு, நாலு பிள்ளைகளை அவர் வீட்டுக்கு வாரம் ஒருநாள் அனுப்பட்டுமே. கில்ட் கட்டிக்கொண்டே போகட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்?