குன்றாண்டார்கோவிலுக்கு எந்தப் பூங்கா வேண்டும்?

பழைய நகரங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கோயிலும் கோட்டையும் மட்டும் போதாது. உட்கார ஒரு நிழல், பார்த்துக்கொண்டே இருக்க ஒரு குளம், பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல் இவையும் வேண்டும். தாய்லாந்தின் சுகோதாய் இதற்கு நல்ல உதாரணம். 13-ம் நூற்றாண்டில் தலைநகராக இருந்த அந்த ஊர் 1988-ல் வரலாற்றுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1991-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பிடித்தது. வருகிறவர்கள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு இடிந்த விகாரங்களுக்கு நடுவே மர நிழலில் சுற்றுகிறார்கள். அங்கே பெரிய அழகு தாமரைக் குளங்கள்தான். அவை பழைய நகரத்து மக்கள் தண்ணீருக்காக வெட்டிய குளங்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி!

இனி புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். கீரனூர் பக்கத்தில் உள்ள குன்றாண்டார்கோவிலில் 8-ம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகள் உண்டு. முன்னால் சக்கரங்களும் குதிரைகளும் கொண்ட தேர் வடிவ மண்டபம், பின்னாளில் கட்டியது. இத்தனை இருந்தும், வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்து, வெயிலில் பாறை சுடத் தொடங்கியதும் நார்த்தாமலைக்கோ சித்தன்னவாசலுக்கோ கிளம்பிவிடலாம். நின்று பார்க்க நிழல் இருந்தால்தானே நிற்பார்கள்?

அப்படியானால் பூங்கா வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். எந்த மாதிரிப் பூங்கா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பூங்கா என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது புல்தரை, சிமெண்ட் மான், சறுக்கு மரம், ஒரு செயற்கை நீரூற்று. திறப்பு விழா அன்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழை குறைந்த புதுக்கோட்டைச் சீமையில் புல்லுக்கு யார் தினமும் தண்ணீர் விடுவது? ஊர் மக்கள் குடத்தோடு குழாயடியில் காத்திருக்கும் கோடையில், புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சினால் அந்தப் பூங்காவை யார் தங்களுடையது என்று நினைப்பார்கள்?

சட்டமும் ஒரு வகையில் வழிகாட்டுகிறது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். இதை முன்னேற்றத்துக்குத் தடை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் நல்ல தோட்டத்துக்குக் கட்டடம் எதற்கு? மரம், மண், தண்ணீர் போதுமே.

இந்த மூன்றையும் சேர்த்து வைக்கும் வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஏரிக்கரையும் நந்தவனமும்தான் இந்த மண்ணின் பூங்காக்கள். குன்றாண்டார்கோவிலிலேயே, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் ஓர் ஏரி வெட்டப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆக, இந்த ஊரில் கோயிலும் ஏரியும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. வரத்துக் கால்வாயைச் சீர்செய்து, கரையில் நடைபாதை விட்டு, நாவல், இலுப்பை, புன்னை, மகிழம், வேம்பு என்று வைத்தால் சில ஆண்டுகளில் நிழல் தயார். கோயில் பக்கம் அரளி, நந்தியாவட்டை, பவளமல்லி, வில்வம் வைத்தால் பூசைக்கும் பூ கிடைக்கும். ஆலும் அரசும் மட்டும் பாறைக்கும் மண்டபத்துக்கும் தள்ளியே இருக்கட்டும். அவற்றின் வேர் கல்லைப் பிளந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏற்கெனவே ஏராளமான மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரும் பரப்பில் நிற்பது தைலமரம். நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அதே மாவட்டத்தில் ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் காத்த கோயில்காடுகளும் இருக்கின்றன. வீரையும் காயாவும் பாலையும் அங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்கின்றன. எந்த மரத்தை வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

யார் பராமரிப்பது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மரம் வைப்பது ஒரு நாள் வேலை, காப்பது பல வருட வேலை. ஆனால் அலங்காரத்துக்கு வைத்ததை ஊர் மறந்துவிடும். தினமும் பூப்பறிக்கிற நந்தவனத்தையும், ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற ஏரியையும் ஊர் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. பயன்பாடுதான் மிகச் சிறந்த காவலாளி.

சுற்றுலாப் பயணிக்காக மட்டும் அமைக்கும் பூங்கா அவர் கிளம்பியதும் காய்ந்துபோகும். ஊருக்காக அமைக்கும் தோட்டத்தில் பயணியும் வந்து உட்காரலாம். சுகோதாயிலிருந்து குன்றாண்டார்கோவில் கற்க வேண்டியது புல்தரையை அல்ல. பழைய குளத்தை மதிக்கும் அந்த மனதைத்தான்.