சம்பளம் இல்லாத தீயணைப்பு

சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. 1851இல் வல்பராய்சோ துறைமுகத்தில் ஊராக்கள் சேர்ந்து தொடங்கின வழக்கம். 1863 டிசம்பர் 8 அன்று சந்தியாகோவில் தேவாலயமொன்று எரிந்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அதே மாதம் அங்கும் தொண்டர் படை உருவானது. இன்றும் சைரன் கேட்டால் வேலையை, படிப்பை விட்டுட்டு ஓடுகிறார்கள். சந்தாவும் அவர்களே கட்டுகிறார்கள்.

இதை நாங்கள் மதிக்கிறம். ஆனா அரசு கொஞ்சம் கொடுக்க, மிச்சத்துக்கு அவர்களே உண்டியல் குலுக்க வேண்டியிருக்கு. இதையும் 'தொண்டு' எண்டு புகழலாமா? சம்பளம் வேண்டாம் என்பது அவர்களின் பெருமை. வண்டி, பாதுகாப்பு உடுப்பு, காப்புறுதி எல்லாம் அரசின் கடன். கைதட்டல் அந்தக் கடனை அடைக்காது.