வரிசைக்குள் இருக்கும் கருப்பொருள்

யோக வகுப்புகளுக்கு இப்போது கருப்பொருள் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் ‘விட்டுவிடுதல்’, மறுநாள் ‘நன்றியுணர்வு’. தொடக்கத்தில் 5 நிமிடம் ஆசிரியர் அதைப் பற்றி உருக்கமாகப் பேசுவார். பின்னர் வரும் ஆசனங்களுக்கும் அந்தப் பேச்சுக்கும் யாதொரு உறவும் இராது. நேற்றைய திரிகோணாசனம், நேற்றைய சர்வாங்காசனம். தலைப்பு மட்டும் புதிது. (பழைய கட்டுரையைப் புதுத் தலைப்பில் மறுபடி அச்சிடும் கலையை நம் சிற்றிதழ் வாசகர்கள் நன்கறிவர்.)

கருப்பொருள் கூடாதென்று நான் வாதிடவில்லை. அது ஆசனங்களின் வரிசைக்குள் இருக்கவேண்டும் என்கிறேன். ‘விட்டுவிடுதல்’ என்பது உடலின் மொழியில் வெளிமூச்சு. அன்றைய வகுப்பு முழுவதும் அதைச் சுற்றியே அமையட்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை வயிற்றை நோக்கிக் கொணரும் அபானாசனத்தில் மூச்சை எண்ணத் தொடங்கலாம். நின்று முன்குனியும் உத்தானாசனத்தில் அவ்வெண்ணிக்கை குலையாமல் காக்கலாம். பஸ்சிமோத்தானாசனத்தில் அதைச் சற்றே நீட்டி, இறுதியில் அமர்ந்து செய்யும் பிராணாயாமத்தில், இயன்றவர்கள் மட்டும், வெளிமூச்சை உள்மூச்சின் இருமடங்காக்கலாம். ‘விட்டுவிடுதல்’ என்ற சொல்லை ஆசிரியர் உச்சரிக்கவே தேவையில்லை.

இவ்வகைச் சிந்தனைக்குச் சென்னையிலேயே மரபு உண்டு. மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1933 முதல் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்து 1989இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். படிப்படியாக ஓர் ஆசனத்தை அடைவதும், அதே பொறுமையுடன் அதிலிருந்து மீள்வதுமான வின்யாச கிரமம் அவர் கற்பித்தலின் மையம். அவர் மகன் தேசிகாச்சார் அதை விரித்துரைத்தார். அம்மரபில் சர்வாங்காசனம் தனியே வருவதில்லை. முன்னதாகத் தோளையும் கழுத்தையும் ஆயத்தப்படுத்தும் துவிபாத பீடம். பின்னர் சிறிது ஓய்வு. அதன்பின் பிரதிகிரியாசனமாக, அதாவது முந்தைய ஆசனத்தின் இறுக்கத்தை ஈடுசெய்யும் ஆசனமாக, புஜங்காசனம்.

இசையறிந்தவர்க்கு இது புதிதன்று. இன்றைய கச்சேரி முறையை நிலைபெறச் செய்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணத்தில் குரல் பதமாகி, பிரதான உருப்படியில் உச்சம் கண்டு, துக்கடாக்களில் இளகி, மங்களத்தில் முடிவது அந்த முறை. எடுத்த எடுப்பில் தோடியை விஸ்தாரமாகப் பாடும் வித்வானை ரசிகர்கள் மன்னித்துவிடுவார்கள். சர்வாங்காசனத்தோடு வகுப்பைத் தொடங்கும் ஆசிரியரைக் கழுத்து மன்னிக்காது.

நாள்தோறும் மாறாத ஒரே வரிசையைக் கற்பித்த பட்டாபி ஜோயிஸும் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்தானே என்று கேட்கலாம். உண்மை. அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு ஒழிந்தால் கவனம் மூச்சில் நிலைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மாலை வகுப்புகளுக்கு வருவோர் யார்? நாள் முழுதும் கணினிமுன் கூனியவர், முழங்கால் வலியுள்ள மூதாட்டி, போட்டிக்குப் பயிலும் கல்லூரி மாணவர். இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அவர்கள் படையணியினர் அல்லர்.

திட்டத்தை முடிவிலிருந்து எழுதத் தொடங்குவதே நல்லது. 60 நிமிட வகுப்பில் பிராணாயாமத்துக்கும் சவாசனத்துக்கும் 15 நிமிடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சியதில்தான் மற்ற அனைத்தும். நேரம் போதாதபோது பெரும்பாலான ஆசிரியர்கள் சவாசனத்தைத்தான் வெட்டுகிறார்கள். தொடக்கத்து 5 நிமிட உரையை வெட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை.