அரத்தைக் கீழே வையுங்கள்!

மெட்டலர்ஜி வகுப்பில் நம்ம பசங்க முதலில் கேட்பது "என்ன ஸ்டீல்?" என்றுதான். சூடு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. (நானும் அந்தக் கூட்டம்தான்.)

அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைஃபிளைப் பாருங்கள். 1917ல் சில ரைஃபிள்களின் ரிசீவர் சுடும்போதே உடைந்தது. விசாரித்தால், உலைக்காரர்கள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்திருக்கிறார்கள்! வெயில் நாளில் தணல் மங்கலாகத் தெரியும், அதனால் இன்னும் காய்ச்சுவார்கள். மேகமூட்டமான நாளுக்கும் அதற்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் என்று ஜூலியன் ஹாட்சர் எழுதியிருக்கிறார். 1918ல் சூட்டை அளந்து, இரண்டு முறை பதப்படுத்த ஆரம்பித்தார்கள். ஸ்டீல் என்னவோ பழையதேதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே பழைய ரைஃபிள் வாங்கியதும் விசையை இலகுவாக்க சியரை ராவுகிற ஆசாமிகள் நிறைய. ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் சின்னத் துண்டுதான் சியர். பல பழைய ரைஃபிள்களில் அது குறைந்த கார்பன் ஸ்டீல். கடினமெல்லாம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேல்தோலில் மட்டும். அதை ராவிவிட்டால் உள்ளே மெத்து இரும்பு. கொஞ்ச நாள் ஜோராக இருக்கும். பிறகு முனை தேய்ந்து, விசையைத் தொடாமலே வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவன் கதி?

"டார்ச்சில் காய்ச்சி மறுபடி கடினமாக்கிடலாமே" என்பார்கள். எதைப் பார்த்துக் காய்ச்சுவீர்கள், நிறத்தையா? மறுபடி 1917தான் :-)

என்னைக் கேட்டால், தெரிந்த ஸ்டீலில் புதுத் துண்டு செய்து, அளவுள்ள ஃபர்னஸில் பதப்படுத்தி, ஹார்ட்னஸ் சோதித்த பிறகே மாட்ட வேண்டும். அசல் சியர் டப்பாவில் பத்திரமாகக் கிடக்கட்டும்.