அரிசி அரிசியாகவே வரட்டும்

மொரப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ரேஷன், பென்சன், உரிமைத்தொகை, சிலிண்டர் மானியம்னு எதுக்குங்க இத்தனை? எல்லாத்தையும் கூட்டி மாசம் ஒரே தொகையா அக்கவுண்ட்ல போட்டுட்டா தீர்ந்துச்சு." டில்லியிலும் இதைப் பேசியாகிவிட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் அடிப்படை வருமானம் தந்து, இருக்கும் திட்டங்களுக்கு அதையே மாற்றாக்கலாமா என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை விரிவாக அலசியது.

மதிப்பு ஒன்றுதானே, பொருளாக வந்தால் என்ன, பணமாக வந்தால் என்ன என்கிறார்கள். ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அதன்பின் வெளிச்சந்தையில் விலை எவ்வளவோ ஏறியும் 20 கிலோ வாங்கும் வீட்டுப் பானையில் ஒரு பிடி குறையவில்லை. பணத்தின் கதையைப் பாருங்கள். 80 வயதுக்குக் கீழுள்ள முதியோரின் ஓய்வூதியத்துக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2007-இல் 200 ரூபாய்; இன்றும் அதே 200தான். மாநில அரசு மேலே போட்டுப் போட்டுத்தான் 2023-இல் தொகை 1,200 ஆனது. சிலிண்டர் மானியம் 2015 முதல் நாடெங்கும் வங்கிக் கணக்குக்குப் போனது. 2020-க்குப் பிறகு, உஜ்வாலா இணைப்பு இல்லாத வீடுகளுக்கு அது இல்லாமலே போயிற்று, அல்லது சில்லறையாகச் சுருங்கிற்று. எந்தச் சட்டமும் திருத்தப்படவில்லை. ரேஷன் அரிசி ஒரு மாதம் நின்றால் பெண்கள் காலிப் பையோடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கில் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அலைச்சல் மிச்சமாம். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் மரவள்ளிக் காட்டில் களை வெட்டியே பெருவிரல் ரேகை தேய்ந்தவர். பென்சன் எடுக்கப் போனால் கருவி அவர் விரலை ஏற்காது. எண்ணெய் தடவி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைப்பார். "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். ரேஷன் கடையிலும் அதே கருவிதான். ஆனால் கடை நடக்கிற தூரம், எடை போடுபவருக்குப் பாட்டியைத் தெரியும், வரிசையில் நிற்கிற நாலு பேர் அவருக்காகப் பேசுவார்கள். பென்சனோடு அரிசியும் அந்த விரலை நம்பி வங்கிக்குப் போனால், ஒரு தடங்கலில் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

பிரிட்டன் ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கி 2013-இல் 'யுனிவர்சல் கிரெடிட்' தொடங்கியது. சிக்கலைக் குறைப்பதே நோக்கம். புதிதாகச் சேர்பவர் முதல் தொகைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை முன்பணம் வாங்கினால் அது கடன். பின்வரும் மாதங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

ஏழைகள் பணத்தை வீணடிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலை 24-இல் முதலமைச்சர் தொடங்கியது எங்கள் மாவட்டத் தொப்பூரில்தான். அந்த ஆயிரம் ரூபாய் பள்ளிக்கூட நோட்டாகவும் மாத்திரையாகவும் மாறுவதை இங்கே பார்க்கிறேன். அப்படி மாற முடிவதற்குக் காரணம், அரிசியைப் பிடுங்காமல் அதன்மேல் அந்தப் பணம் வந்ததுதான். வீட்டுக்காரர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, சோற்றுக்கு வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இங்கிருக்கும் பெண் அந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுக்கிறாள்.

கடத்தல் ஒழியும் என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ரேஷன் அரிசி கர்நாடக எல்லையைத் தாண்டிப் போவதை மறுக்க முடியாது. அதற்குச் சோதனைச்சாவடியில் லாரியைப் பிடிக்க வேண்டும், பாட்டியின் பையை அல்ல.

அரிசிக்குப் பதில் பணம் என்று செய்து பார்த்த ஊர்களும் உண்டு. ஜார்க்கண்டின் நக்ரியில் 2017-இல் அரிசி மானியத்தைக் கணக்கில் போட்டார்கள். மக்கள் முதலில் வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து, அதே ரேஷன் கடைக்கு வந்து கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து, 2018-இல் அரசே கைவிட்டது. பக்கத்துப் புதுச்சேரியில் 2015-இல் அரிசிக்குப் பதில் பணம் வந்தது. ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளிக்கு முன் அவற்றை மறுபடி திறந்து அரிசி கொடுத்தார்கள்.