ஒன்பது மணிப் பூட்டு

திருவல்லிக்கேணியின் குறுந்தெரு ஒன்றில், பெண்கள் விடுதி ஒன்றின் இரும்புக் கதவுக்கு வெளியே, அண்மையில் ஓர் இரவு நாம் நால்வர் நின்றோம். மணி 9.20. நால்வரும் பட்டம் பெற்றவர்கள். நால்வரும் ஊதியம் ஈட்டுபவர்கள். நால்வரும் வாக்குரிமை உள்ளவர்கள். நாட்டை ஆளவேண்டியவர் யார் என்று தீர்ப்பளிக்கும் தகுதி நமக்கு உண்டு. நம் அறைக்குள் நாம் எப்போது நுழைவது என்று தீர்மானிக்கும் தகுதி மட்டும் இல்லை!

செய்த குற்றம்தான் என்ன? நம்முள் ஒருத்திக்கு அன்று இருபத்து நான்காவது பிறந்தநாள். பணி முடிந்ததும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் சென்றோம். மணலில் வட்டமாக அமர்ந்தோம். கேக் வெட்டினோம். சுண்டல் தின்றோம். அலையில் கால் நனைத்தோம். வயிறு குலுங்கச் சிரித்தோம். திரும்பும் வழியில் பேருந்து அடையாற்று நெரிசலில் சிக்கிற்று. இருபது நிமிடம் தாமதம். அதற்குள் 9 மணிப் பூட்டு விழுந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் ஆண்கள் தங்கும் மேன்ஷன். அதற்கும் வாயில் இருந்தது. கதவு இருந்ததா என்று தெரியவில்லை. கைலி கட்டிய இளைஞர்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். தேநீர்க் கடையில் நின்று திரைப்படம் பேசினர். அவர்களுள் எவரையும் எந்தக் காப்பாளரும் கணக்குக் கேட்கவில்லை. ஒரே தெரு, ஒரே இரவு, ஒரே வயது. நடுவே இருபதடிச் சாலை. அந்த இருபதடிதான் இந்த நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள தொலைவு!

பூட்டு எப்படித் திறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விடுதிக் காப்பாளர் அம்மையார் நம் விளக்கத்தைக் கேட்கவில்லை, தொலைபேசியை எடுத்தார். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உறங்கப் போன ஒரு தந்தையை எழுப்பினார். அவர் முதலில் மகளைத் திட்டினார். பின்னர், "இந்த ஒரு தடவை உள்ளே விடுங்கம்மா" என்றார். கதவு திறந்தது. நான்கு பெண்களின் குரலுக்குத் திறவாத பூட்டு, ஊர் கடந்து வந்த ஓர் ஆண் குரலுக்குத் திறந்தது. பிறந்தநாள் கண்டவள் எஞ்சிய கேக்கைக் கையில் ஏந்தியபடி, கண்ணீரை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இது ஒரு விடுதியின் கதையன்று. இந்நகரின் எத்தனையோ விடுதிகளில், எத்தனையோ இல்லங்களில் இதுவே சட்டம். ஆகவேதான் கேட்கிறோம்: ஒரு பெண் தன் தோழியரோடு கூடிச் சிரிப்பதில், இந்தச் சமுதாயத்தை அச்சுறுத்துவது எது?

விழா என்றாலே வேண்டாமென்று சொல்லும் சமுதாயமா இது? இல்லையே! பெண்ணுக்கு இது எடுக்கும் விழாவைப் பாருங்கள்.

நாம் பள்ளி ஆசிரியை. கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் தெருமுனையில் அவளைக் கண்டோம். ஆளாக அல்ல, பதாகையாக! பட்டுடுத்தி, தலை நிறையப் பூச்சூடி, முகத்தில் பாதியைச் சுண்ணமும் சாயமும் மறைக்க, பன்னிரண்டு வயதுக் குழந்தை நின்றது. மேலே உறவின் முறைப் பெரியவர்கள் படம், மூலையில் சாதிச் சங்கத் தலைவர் படம். "மஞ்சள் நீராட்டு விழா"வாம்! தாய்மாமன் சீர், தட்டு வரிசை, மொய் நோட்டு, ஒலிபெருக்கி. உடலில் இயல்பாக நேரும் ஒரு மாற்றத்தை ஊரைக் கூட்டி உரைக்கிறார்கள். அதே சிறுமி மறுமாதம் கடைக்குப் போய் நாப்கின் கேட்டால், கறுப்புப் பையில் சுற்றி, ஏதோ களவுப் பொருளைப் போலக் கொடுக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியதற்கு விழா. விளக்கிச் சொல்ல வேண்டியதற்கு மறைப்பு!

அந்த விழாவில் அவளுடைய விருப்பம் எது? நாளைக் குறித்தவர் சோதிடர். புடவையை எடுத்தவர் அத்தை. அழைப்பிதழில் பெயர் போட்டுக்கொண்டவர் மாமன். வகுப்புத் தோழியர் வந்தார்களா? வந்திருந்தால் கூட்டத்தில் ஒரு மூலையில் அமர்ந்து உண்டு போயிருப்பார்கள். வந்தவர் உறவினர், உறவென்றால் சாதி. "எம் வீட்டில் பெண் ஒன்று மணத்திற்கு ஆயத்தமாகிறது" என்று சாதிக்குள் விடுக்கும் அறிவிப்பன்றி அது வேறென்ன?

அடுத்த விழா திருமணம். அதற்கடுத்தது வளைகாப்பு. இடையிடையே வருகின்ற தீபாவளியும் பொங்கலும் அவளை அடுப்படியில் நிறுத்தும் நாட்கள். மற்றவர் உண்டு களித்துக் கதை பேசும்போது கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றை உண்பவளுக்கு அதன் பெயர் பண்டிகையா, பணியா? ஊர் அவளுக்கு எடுக்கும் விழா ஒவ்வொன்றும் அவளைப் பற்றியது; ஒன்றுகூட அவளுடையதன்று!

இந்த நிலையில்தான் அவள் சென்னைக்கு வருகிறாள். ஆசிரியையாக, செவிலியாக, கணினிப் பணியாளராக, துணிக்கடை விற்பனையாளராக வருகிறாள். வாழ்வில் முதன்முறையாகத் தன் தோழமையைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். சாதி கேட்டு வருவதில்லை அந்தத் தோழமை. சாதி தெரிந்த பின்னும் கலைவதில்லை. ஒருத்தி வீட்டு இரம்சான் பிரியாணி, இன்னொருத்தியின் கிறிஸ்துமஸ் கேக், மற்றொருத்தி கொண்டுவரும் ஊர்க் கருப்பட்டி, சனவரியில் நந்தனத்துப் புத்தகக் காட்சி, முதல் ஊதிய நாளில் ஒரு திரைப்படம், தோழி ஒருத்தி சாதி கடந்து மாலை மாற்றும்போது சாட்சிக் கையொப்பம். இவையே அவள் விழாக்கள். இவற்றில் புரோகிதர் இல்லை, மொய் இல்லை, முறை இல்லை. மனம் ஒன்றே உண்டு.

இப்போது புரிகிறதா, பூட்டு ஏன் என்று? சிரிப்பைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. யாரோடு கூடி உண்பது என்று தானே தெரிந்தெடுக்கப் பழகியவள், யாரோடு கூடி வாழ்வது என்றும் தானே தெரிந்தெடுப்பாள். அந்த நாளைக் கண்டே சாதி அஞ்சுகிறது. 9 மணிப் பூட்டு கதவில் தொங்குகிறது. அது காப்பது சாதியை!

"இல்லை இல்லை, பாதுகாப்புக்காக" என்பார்கள். நன்று, அந்தப் பாதுகாப்பையே எடை போடுவோம். அன்றிரவு நாம் விடுதிக்குள் இருக்கவே விரும்பினோம். தெருவில் நிறுத்தியது எது? பாதுகாப்புப் பூட்டுத்தான்! ஆபத்து வெளியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த வெளியிலேயே பெண்ணைத் தள்ளிக் கதவடைக்கும் அறிவுக்கு என்ன பெயர் வைப்பது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், அறிந்தவர், பழகியவர். அவர்களுக்கு எந்த மணிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்?

இன்னொன்றும் கேட்போம். நம் நால்வருள் ஒருத்தி செவிலி. இரவுப் பணி முடிந்து விடியற்காலை திரும்புவாள். மருத்துவமனைக் கடிதம் இருக்கிறது, கதவு திறக்கிறது. தொழிற்சாலையில் பெண்கள் இரவுப் பணி செய்யலாகாது என்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாதென்று தீர்த்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் நள்ளிரவிலும் பெண் பணியாளரை ஏற்றி வண்டிகள் ஓடுகின்றன. ஆக, முதலாளிக்காக விழித்தால் அந்த இரவு பாதுகாப்பானது. தனக்காக விழித்தால் அதே இரவு ஆபத்தானது! உழைக்க வெளியே போ, மகிழ வெளியே போகாதே! பெண்ணின் உழைப்பு நாட்டுடைமை, பெண்ணின் மகிழ்ச்சி கடத்தல் சரக்கோ?

இரவு பெண்ணுக்குப் பகையன்று என்பதை இந்நகரமே மெய்ப்பித்ததுண்டு. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர் கூட்டம் நாட்கணக்கில் அமர்ந்தது. அந்தக் கோரிக்கையைப் பற்றி நம்முள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஆயின், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இரவெல்லாம் அந்த மணலில் இருந்தார்கள், பாடினார்கள், முழங்கினார்கள், அங்கேயே உறங்கினார்கள். அவர்களைக் காத்தது எந்தப் பூட்டு? பக்கத்தில் இருந்தவர்களின் தோழமை! 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைப் பெண்கள், விடுதி உணவால் உடன் பணியாற்றியவர்கள் நோயுற்றபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் அமர்ந்து நீதி கேட்டார்கள். பெண்கள் நிறைந்த சாலை பெண்களுக்கு அஞ்சத்தக்கதாக இல்லை. வெறிச்சோடிய சாலையே அஞ்சத்தக்கது; அதை வெறிச்சோடச் செய்வதோ இந்தப் பூட்டுத்தான்!

பாதுகாப்பு வாதம் தோற்றதும் பண்பாடு வாதம் எழும். "கேக்கும் மெழுகுவத்தியும் நம் பண்பாடா?" என்பார்கள், மேலைநாட்டுக் கைப்பேசியில். பண்பாடு பேசுவோர் பழந்தமிழ் நூலைப் புரட்டட்டும். மதுரையில் அல்லங்காடி என்னும் இரவுக் கடைத்தெரு இருந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. புகாரில் இந்திர விழா 28 நாள் நடந்ததை மணிமேகலை கூறுகிறது. மாதவி கடலாடச் சென்றதற்குச் சிலம்பில் ஒரு காதையே உண்டு. நாம் இந்திரனுக்கு விழா எடுக்கச் சொல்லவில்லை. பொற்காலத்துக்குத் திரும்பவும் சொல்லவில்லை. அந்த விழாவிலும் ஆடியவள் மாதவி, மகிழ்ந்தவர் பிறர் என்பதை அறிவோம். "பெண்ணுக்கு இரவு ஆகாது" என்பது தமிழர் பண்பாடு என்று கதை கட்டாதீர் என்றே சொல்கிறோம்.

இனி நம்மவரை நோக்கி ஒரு சொல். தோழர்களே, கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோம். செங்கற்பட்டு மாநாடு 1929-இல் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றது. 60 ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று என்று பெருமை கொள்கிறோம். 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது கை தட்டினோம். எல்லாம் சரி. கூட்டம் முடிந்து வீடு திரும்பி, தங்கை எட்டரை மணிக்கு வந்தால், "இவ்வளவு நேரம் எங்கே போனாய்? யாரோடு போனாய்?" என்று கேட்கிறோமே, அது எந்த மாநாட்டுத் தீர்மானம்? கட்டணமில்லாப் பேருந்து அவளைக் கடற்கரை வரை கொண்டுபோகும்; நம் கேள்வியோ அவளைப் படிக்கட்டிலேயே நிறுத்துகிறதே!

"விடுதலைப் போரில் பிறந்தநாள் கொண்டாட்டம் பெரிதா?" என்று கேட்கும் தோழரும் உண்டு. வணிகர்கள் பிறந்தநாளையும் சரக்காக்கிவிட்டதை நாமும் அறிவோம். கடன்பட்டுக் கொண்டாடுவதை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் தோழரே, ஆண் நண்பர்கள் கூடித் தேநீர்க் கடையில் கழித்த இரவுகளை உங்கள் வாழ்விலிருந்து கழித்துப் பாருங்கள். நீங்கள் அரசியல் கற்றது எங்கே? விவாதம் பழகியது எங்கே? துணிவு பெற்றது எங்கே? அந்தப் பள்ளிக்கூடத்தின் வாயில்தான் 9 மணிக்குப் பூட்டப்படுகிறது!

எதிர்த்து நின்றவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் டெல்லி மாணவியர் விடுதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் "கூண்டை உடை" என்ற பொருளுடைய பெயரில் இயக்கம் கண்டார்கள். 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து உயர்நீதிமன்றம் ஏறினார்கள். பெண்களை மட்டும் ஏன் அடைக்க வேண்டும் என்று நீதிமன்றமே கேட்டது. 1921-லேயே பெண்ணுக்கு வாக்குரிமை தந்த சென்னை, இதில் பின்தங்கி நிற்பதா?

நாம் கேட்பது மிகை அன்று. ஆண் விடுதிக்கு எந்த நேரமோ, பெண் விடுதிக்கும் அதே நேரம். தாமதமாக வருபவள் கையொப்பமிட்டு நுழைய ஓர் ஏடு. வயது வந்த பெண்ணைப் பற்றித் தந்தையிடம் புகார் சொல்லும் வழக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி. நேரம் கடந்தும் ஓடும் பேருந்து, எரியும் தெருவிளக்கு, தூய கழிப்பறை. இவை அரசும் விடுதியும் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியவையும் உண்டு: நம் வீட்டில் மஞ்சள் நீராட்டு இல்லை என்று அறிவிப்போம். அந்தச் செலவில் அந்தச் சிறுமிக்குப் புத்தகம் வாங்குவோம். அவள் பள்ளியிறுதித் தேர்ச்சியை, முதல் ஊதியத்தை, அவளே அழைக்கும் தோழியரோடு அவள் விரும்பியவாறு கொண்டாட விடுவோம். பாத்திரம் கழுவும் வேலையை நாம் ஏற்போம்.

அடுத்த மாதம் நம் செவிலித் தோழிக்குப் பிறந்தநாள். மீண்டும் பெசன்ட் நகர் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். நேரத்தோடு திரும்ப முயல்வோம். அடையாற்று நெரிசல் நம் கையில் இல்லை. தாமதமானால் மீண்டும் அந்தக் கதவின் முன் நிற்போம். இம்முறை எந்தத் தந்தையின் எண்ணையும் கொடுப்பதாக இல்லை. நம் பெயரைச் சொல்வோம், நம் குரலில் சொல்வோம். அந்தக் குரலுக்குப் பூட்டுத் திறக்கும் வரை அங்கேயே நிற்போம்!