மலைக்கும் ஒரு கூண்டு வேண்டும்!

வங்கக் கடலிலே புயல் உருவாகிறது என்ற சேதி வந்ததும் துறைமுகங்களிலே எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. கூண்டின் எண்ணைக் கண்டு படகுகள் கரை சேருகின்றன. ஆனால் சேர்வராயன் மலையிலே, கிளியூரிலே, காப்பித் தோட்டத்துச் சரிவிலே குடியிருக்கும் பாட்டாளிக்கு எந்தக் கூண்டு ஏறுகிறது? புயல் கடற்கரையாருக்கு வரும் துன்பம், நம்மை மலை காக்கும் என்று நம்பியிருந்தான் அவன். அந்த நம்பிக்கையை 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் தகர்த்துவிட்டுப் போனது.

நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய அந்தப் புயல் அங்கேயே நெடுநேரம் நகராது நின்று, பிறகு வலுவிழந்தது. வலுவிழந்தது என்ற சொல்லைக் கேட்டு நாடு பெருமூச்சு விட்டது. இழந்தது காற்றின் வேகத்தைத்தான். சுமந்து வந்த நீரை அன்று! ஈரக் காற்று மேற்கே நகர்ந்து, மலைகளில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, கொட்டித் தீர்த்தது. கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஊத்தங்கரையிலே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டிலே 20 சென்டிமீட்டருக்கும் மேல்! மலைச்சாலையிலே மண் சரிந்தது, பாறை உருண்டது, போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையிலே மலை சரிந்து வீட்டின்மேல் விழ, ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களில் ஐவர் குழந்தைகள்.

இயற்கையின் சீற்றம், என் செய்வது என்பார் உண்டு. அவர்களுக்கு வரலாறு விடை கூறும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவிலே தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற இரயில் வண்டியை அலை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் மீளவில்லை. இரயிலடியும் அஞ்சலகமும் கோயிலும் கொண்ட ஊர், இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. அந்த வண்டியை நிறுத்த ஒரு சொல் போதும். அந்தச் சொல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

ஒடிசாவைப் பாருங்கள்! 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவில் மடிந்தனர். 2013இல் பைலின் புயல் வந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சாவு சில பத்துகளோடு நின்றது. காற்று இரக்கம் காட்டியதாலா? மனிதன் விழித்திருந்ததால்!

அந்த விழிப்பு மலைக்கும் வேண்டும் என்கிறோம். எத்தனை சென்டிமீட்டர் மழை என்று வானிலை நிலையம் கூறினால் மட்டும் போதாது. எந்தச் சரிவின் கீழ் எத்தனை வீடுகள் என்ற கணக்கு வேண்டும். ஒவ்வொரு மலைச் சிற்றூரிலும் மழைமானி வேண்டும். ஆபத்து அறிவிக்க ஒரு சங்கு வேண்டும். சேலத்துச் சாலையும் குப்பனூர்ச் சாலையும் ஒருங்கே அடைபட்டால் மலை தனித்துவிடும். ஆகவே அரிசியும் மருந்தும் மேலேயே இருக்க வேண்டும். ஏற்காட்டு ஏரி வழிந்தால் கிளியூர் அருவி பெருகும். காண வருவோருக்கு அது காட்சி. சரிவிலே வாழ்வோருக்கு அது எச்சரிக்கை!

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பதா நாம்? புரட்டாசி முடியுமுன் தோழர்கள் இறங்கட்டும். சாலையோர வடிகாலிலும் பாலத்தடியிலும் அடைத்துக் கிடக்கும் மண்ணை அகற்றச் செய்யுங்கள். வீட்டின்மேலும் மின்கம்பியின்மேலும் சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் கிளைகளை வெட்டக் கோருங்கள். முதியோர், நோயாளர், பேறுகாலம் நெருங்கிய தாய்மார் இருக்கும் வீடுகளைக் குறித்து வையுங்கள். அவர்களை எந்தப் பள்ளிக்கட்டடத்திற்கு, யார் அழைத்துப் போவது என்று இன்றே முடிவு செய்யுங்கள். நிலத்திலே புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று — இவை மலை சரியப்போவதன் அறிகுறிகள் என்று வீடுதோறும் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைச் சுவரிலே எழுதுங்கள்.

கொடியேற்றிய கைகள் மண்வெட்டியும் ஏந்தட்டும். அடுத்த புயல் வரும் நாளை நாம் அறியோம். வரும் என்பதை அறிவோம். அது வரும்போது கிளியூர்ச் சரிவிலே உறங்கும் குழந்தையை எழுப்ப ஒருவர் வேண்டும், தோழர்களே! அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.